வெளிச்சம் எந்தப் பக்கம்?

சித்தப்பா இறந்த ஏழாவது மாதம், அவருடைய காசுகளைப் படம் எடுத்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லாவில் விழும் பழைய காசு ஏதாவது கண்ணில் பட்டால், அதே மதிப்புக்குத் தன் சட்டைப் பையிலிருந்து சில்லறை போட்டுவிட்டு அதை எடுத்து வைத்துக்கொள்வார். அப்படிச் சேர்ந்தது ஒரு பிஸ்கட் டின் நிறைய. அவற்றுக்கெல்லாம் பெரிய விலை கிடையாது. விலை போகக்கூடியது, காசு கொடுத்து வாங்கிய ஒன்றே ஒன்றுதான். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010ஆம் ஆண்டைப் பொறித்து வெளியான ஆயிரம் ரூபாய் வெள்ளிக் காசு. அதிலும் ப்ரூஃப் வகை.

சென்னையில் காசு வாங்கி விற்கும் ஒருவரிடம் தங்கை பேசியிருந்தாள். "நல்ல வெளிச்சத்துல நாலு படம் அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். சித்திக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். "நீதான் கேமரா வச்சிருக்கியேண்ணா, அரை மணி நேர வேலை" என்றாள்.

அந்த அரை மணி நேர வேலை மூன்று வார இறுதிகளைத் தின்றது.

முதல் படத்தில் கோயில் தெரிந்தது. கூடவே எங்கள் வீட்டு மின்விசிறியின் மூன்று இறக்கைகளும், கேமராவைப் பிடித்திருந்த என் கையும் தெரிந்தன. காசைச் சற்றுச் சாய்த்தேன். மொத்தமும் வெள்ளை வெளேரென்று ஆனது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். இப்போது பின்னணி கன்னங்கரேலென்று போய், கோயில் மட்டும் பனி படிந்ததுபோல் வெள்ளையாக நின்றது. ஒரே காசு, ஒரே விளக்கு, மூன்று படங்கள். மூன்றில் எது அந்தக் காசு?

ப்ரூஃப் காசின் அமைப்பே அப்படி. அதை அடிக்கும் அச்சின் வெற்றுப் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, உருவம் உள்ள இடங்களை மட்டும் சொரசொரப்பாக விட்டுவிடுவார்கள். சொரசொரப்பான கோயில், விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். கண்ணாடிப் பரப்போ ஒரே ஒரு திசையில்தான் திருப்பி அனுப்பும். அந்தத் திசையில் உங்கள் கண் இருந்தால் அது வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு. அந்தப் பரப்புக்கென்று சொந்தத் தோற்றம் கிடையாது. எதிரே இருப்பதைத்தான் அது காட்டும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வேலை ஓடவில்லையென்றால், இதே இடத்தில் முன்பு யார் முட்டிக்கொண்டார்கள் என்று தேடும் பழக்கம் உண்டு. அப்படித் தேடப் போய்த்தான் பிலடெல்ஃபியாவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

*

பிலடெல்ஃபியாவுக்கு முன் லண்டனில் ஒரு சின்னக் கதை. கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்த டேவிட் ப்ரூஸ்டர் 1832இல் இயற்கையின் மாயத் தோற்றங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ராயல் சொசைட்டியின் தொடக்க காலக் கூட்டம் ஒன்றில் நடந்ததை அதில் சொல்கிறார். புது வகை நுண்ணோக்கி ஒன்றில் ஒரு கினி தங்கக் காசை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்குக் காசில் இருந்த தலை பள்ளமாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அதே தலை மேடாகத்தான் தெரிந்தது. கூடியிருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள், காசும் ஒன்றுதான். ஆனாலும் மேடா பள்ளமா என்பதில் ஒத்துப்போக முடியவில்லை.

இதற்குக் காரணத்தைச் சரியாகப் பிடித்தவர்களில் ஒருவர் டேவிட் ரிட்டன்ஹவுஸ். பிலடெல்ஃபியாக்காரர். கடிகாரம் செய்பவராகத் தொடங்கி, வானியலாளராக உயர்ந்து, 1769இல் வெள்ளி சூரியனைக் கடந்ததை அளந்தவர்களில் ஒருவரானார். உருவத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸ்கள் வழியாகப் பார்க்கும்போது மேடு ஏன் பள்ளமாகிறது என்று 1786இல் அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்.

விளக்கம் எளிது. ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். மேட்டின் இடச் சரிவு வெளிச்சமாகவும் வலச் சரிவு நிழலாகவும் இருக்கும். பள்ளத்தில் நேர் எதிர். லென்ஸ் படத்தைத் திருப்பிப் போட்டால் வெளிச்சமும் நிழலும் இடம் மாறிவிடும். ஆனால் ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது நம் மனதில் மாறுவதில்லை. இடப்பக்கம் ஜன்னல், இடப்பக்கமே நிழல். அப்படியானால் இது பள்ளம்தான் என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். கண் ஒரு தவறும் செய்யவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்ற அனுமானம்தான் பிசகியது.

காசைப் படம் எடுப்பவர்கள், கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டால் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே விளக்கை வைப்பதற்கு இதுவே காரணம். வெளிச்சம் மேலிருந்து வரும் என்று நம் மூளை எப்போதும் எண்ணிக்கொள்கிறது. நான் ஒருமுறை விளக்கை ஆறு மணியில் வைத்து எடுத்தேன். பெரிய கோயில் தரைக்குள் குடைந்த கிணறுபோல் ஆகிவிட்டது. படத்தைத் தலைகீழாகத் திருப்பியதும் விமானம் எழுந்து நின்றது.

கட்டுரை எழுதி ஆறு ஆண்டுகள் கழித்து, 1792இல், புதிதாகத் தொடங்கிய அமெரிக்க நாணயச்சாலைக்கு ஜார்ஜ் வாஷிங்டன் ஓர் இயக்குநரை நியமித்தார். முதல் இயக்குநர், இதே ரிட்டன்ஹவுஸ்.

*

ரிட்டன்ஹவுஸ் போன பிறகும் அந்த நாணயச்சாலையைச் சுற்றி இதே கேள்வி விடாமல் வட்டமிட்டது. 1817இல் பிலடெல்ஃபியாவில் கிறிஸ்டியன் கோப்ரெக்ட் என்ற செதுக்குக் கலைஞர் ஓர் இயந்திரம் செய்தார். பின்னாளில் அவரே நாணயச்சாலைக்குப் போய்த் தலைமைச் செதுக்குநர் ஆனார். பதக்கத்தையோ காசையோ கோட்டுப் படமாக்கித் தரும் இயந்திரம் அது.

அது வேலை செய்த விதம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஒரு மழுங்கிய ஊசி, காசின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நேர்கோட்டில் போகும். அதோடு இணைந்த வைர முனை, பக்கத்தில் இருக்கும் உலோகத் தகட்டில் கோடு இழுக்கும். காசின் பரப்பு தட்டையாக இருக்கும்வரை தகட்டிலும் கோடு நேராகப் போகும். ஊசி மேடேறினால் வைர முனை பக்கவாட்டில் விலகும், இறங்கினால் திரும்பி வரும். ஒரு கோடு முடிந்ததும் ஊசி மயிரிழை நகர்ந்து அடுத்த கோட்டைத் தொடங்கும். இப்படி நூற்றுக்கணக்கான கோடுகள். ஒரு பக்கச் சரிவில் கோடுகள் நெருங்கி இருட்டாகும், மறுபக்கச் சரிவில் விலகி வெளுக்கும். முடிவில் பார்த்தால், ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் முகம் தாளில் எழும்பி நிற்கும்.

ஆனால் அங்கே விளக்கே இல்லை. இருட்டறையில் வைத்து ஓட்டினாலும் அந்த இயந்திரம் இதே படத்தைத்தான் வரையும். அது உயரத்தை அளக்கிறது. அளந்த உயரத்திலிருந்து, இல்லாத ஒரு விளக்கின் நிழலைக் கணக்கிட்டுத் தருகிறது. இன்று வீடியோ கேமில் செங்கல் சுவர் சொரசொரப்பாகத் தெரிவதற்குப் பின்னால் இருப்பது ஏறத்தாழ இதே தந்திரம். அதைப் பல்லும் சக்கரமும் வைத்து 1817இல் செய்திருக்கிறார்கள்.

குறையும் இருந்தது. உயரத்தைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றுவதால், மேடான மூக்கும் கன்னமும் ஒரு பக்கமாக இழுபட்டு முகம் லேசாகக் கோணிவிடும். 1830களில் லண்டனில் ஜான் பேட் என்பவர் ஊசியைச் சாய்வாக ஓட்டி இந்தக் கோணலைச் சரிசெய்தார். பாரிஸில் அஷீல் கோலா இதே வகை இயந்திரத்தால் ஆயிரக்கணக்கான காசுகளையும் பதக்கங்களையும் வரைந்து, 1834 முதல் பெரிய பெரிய தொகுதிகளாக வெளியிடத் தொடங்கினார். பிலடெல்ஃபியாவில் இயந்திரத்தை மேம்படுத்தியவர் ஜோசப் சாக்ஸ்டன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள்.

சாக்ஸ்டன் 1837இல் நாணயச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கமும் வெள்ளியும் நிறுக்கும் துல்லியத் தராசுகளைச் செய்வதும் பராமரிப்பதும் அவர் பொறுப்பு. 1839 ஆகஸ்டில் லூயி டாகெர் தன் ஒளிப்பட முறையின் ரகசியத்தைப் பாரிஸில் வெளியிட்டார். செய்தி கடல் கடந்து வந்து சேர்ந்த அந்த இலையுதிர் காலத்திலேயே, சாக்ஸ்டன் ஒரு சுருட்டுப் பெட்டியில் லென்ஸைப் பொருத்தி, நாணயச்சாலையின் ஜன்னலில் வைத்தார் என்று சொல்வார்கள். எதிரே தெரிந்த ஆயுதக் கிடங்கும் சென்ட்ரல் ஹைஸ்கூலின் கோபுரமும் தகட்டில் விழுந்தன. அமெரிக்காவில் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படம் என்று போற்றப்படுவது அதுதான்.

டாகெரின் தகடு என்பது வெள்ளி பூசி, கண்ணாடிபோல் மெருகேற்றிய செம்புத் தகடு. வெளிச்சம் பட்ட இடங்களில் பாதரசமும் வெள்ளியும் சேர்ந்த நுண்துகள்கள் படிந்து ஒளியைச் சிதறடிக்கும். நிழல் விழுந்த இடங்கள் வெறும் கண்ணாடியாகவே இருக்கும். கையில் எடுத்து இருட்டான பக்கம் காட்டிப் பார்த்தால் நிழல்கள் கறுத்துப் படம் சரியாகத் தெரியும். வெளிச்சமான பக்கம் சாய்த்தால் நிழல்கள் பளீரென்று வெளுத்து, படமே எதிர்மறையாகப் புரண்டுவிடும். இதைப் படித்தபோது சித்தப்பாவின் காசை எடுத்து இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தேன். சொரசொரப்பும் கண்ணாடியும் கலந்த வெள்ளி. டாகெரின் தகடும் ப்ரூஃப் காசும் ஒளியின் கணக்கில் ஒரே பொருள்தான். இங்கிலாந்தில் வில்லியம் வயன் செதுக்கிய, இளம் விக்டோரியா சிங்கத்தை வழிநடத்தும் புகழ்பெற்ற ஐந்து பவுண்டு ப்ரூஃப் காசில் பொறித்திருக்கும் ஆண்டும் 1839தான்.

*

மூன்று ஆண்டுகள் கழித்து, 1842இல், அதே நாணயச்சாலையிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர்கள் ஜேக்கப் எக்ஃபெல்ட், வில்லியம் டுபுவா. இருவரும் தங்கம் வெள்ளியின் மாற்று பார்க்கும் அதிகாரிகள். முந்தைய நூறாண்டில் உலக நாடுகள் அடித்த பொன், வெள்ளிக் காசுகளுக்கான கையேடு அது.

இது பொழுதுபோக்குக்காரர்களுக்காக எழுதிய நூல் இல்லை. 1857 வரை அமெரிக்காவில் வெளிநாட்டுக் காசுகளும் சட்டப்படி செல்லும். ஸ்பானிய டாலரும் மெக்ஸிகோ வெள்ளியும் கடைத்தெருவில் சாதாரணமாகப் புழங்கின. கல்லாவில் உட்கார்ந்திருப்பவன், தன் கைக்கு வரும் காசு எந்த நாட்டுடையது, எவ்வளவு எடை, எவ்வளவு மாற்று, போலியா என்று அந்த நிமிடமே முடிவு செய்ய வேண்டும். அவனுக்குத்தான் இந்தப் புத்தகம். போலிகளைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஒரு படத்தை நம்பிப் பணம் கைமாறும். சித்தப்பா அந்தக் காலத்தில் அங்கே பிறந்திருந்தால் மேசை இழுப்பறையில் நிச்சயம் ஒரு பிரதி வைத்திருப்பார்.

புத்தகத்தில் காசுப் படங்களை வரைந்தது சாக்ஸ்டனின் மேற்பார்வையில் ஓடிய கோட்டு இயந்திரம். ஒளிப்படம் எடுக்கத் தெரிந்த மனிதர், ஒளியே தேவைப்படாத ஊசியைக் கொண்டுதான் காசுகளைக் காட்டினார். டாகெர் தகட்டைப் புத்தகத்தில் அச்சடிக்க முடியாது என்பது வெளிப்படையான காரணம். அதைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ஊசிக்குப் பளபளப்பு தெரியாது. புதுக் காசானாலும் கறுத்த காசானாலும் அதற்கு உயரம் மட்டும்தான். அதனால் ஒரு பக்கத்தில் இருக்கும் பத்துக் காசுகளையும் ஒரே விளக்கின் கீழ் வைத்ததுபோல் ஒப்பிடலாம்.

ஒளிப்படத்தை அச்சடிக்க வழி பிறந்த பிறகும், அறிஞர்கள் காசுக்கு நேராகக் கேமராவைத் திருப்பத் தயங்கினார்கள். 1870களிலிருந்து, பிரிட்டிஷ் மியூசியம் போன்ற இடங்களின் கிரேக்கக் காசுப் பட்டியல்களைப் புரட்டினால், வரிசை வரிசையாக வெள்ளை வட்டங்கள் இருக்கும். பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் ஒரே நிறம். அவை காசுகள் இல்லை, காசுகளிலிருந்து எடுத்த பிளாஸ்டர் வார்ப்புகள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பல ஏலப் பட்டியல்களில் இப்படித்தான்.

ஏன் பிளாஸ்டர்? 1760இல் யோஹான் லாம்பெர்ட் ஒளியளவியல் பற்றி எழுதிய நூலில் இதற்கான கணக்கு இருக்கிறது. சுண்ணாம்புபோன்ற மங்கலான பரப்பின் வெளிச்சம், விளக்குக்கும் பரப்புக்கும் இடையே உள்ள கோணத்தை மட்டும் பொறுத்தது. பார்ப்பவர் எங்கே நின்றாலும் அது ஒரேபோல்தான் தெரியும். கண்ணாடிக்கு நீங்கள் நிற்கும் இடம்தான் எல்லாம். பிளாஸ்டரில் வார்த்தால், பார்ப்பவனின் இடம் என்ற தொல்லை கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

இதனால் கிடைத்தது சாதாரண லாபம் இல்லை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் வாழ்ந்த ஃப்ரீட்ரிஷ் இம்ஹூஃப்-ப்ளூமர் பல ஊர்ச் சேகரிப்புகளிலிருந்தும் வார்ப்புகளைத் திரட்டினார். வெவ்வேறு நகரங்களில் பூட்டிக் கிடக்கும் காசுகளை ஒரே மேசையில், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். வைத்தால் எந்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் அடித்தவை என்பது தெரியும். பழங்காலத்தில் காசு அடிக்கும்போது சம்மட்டி நேராக விழும் மேல் அச்சு சீக்கிரம் உடையும், கீழ் அச்சு நீடித்து உழைக்கும். ஒரே கீழ் அச்சு, வேறு வேறு மேல் அச்சுகளோடு சேர்ந்திருப்பதைச் சங்கிலியாகத் தொடர்ந்தால், எது முந்தியது எது பிந்தியது என்று வரிசைப்படுத்தலாம். ஆண்டு பொறிக்காத காசுகளுக்குக் காலம் சொல்லலாம். அகர்னானியா என்ற கிரேக்கப் பகுதியின் காசுகளை வைத்து 1878இல் அவர் இந்த வழியைத் தொடங்கிவைத்தார். இன்றுவரை பழங்காசு ஆய்வின் முதுகெலும்பு அதுதான்.

கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கங்களில் வெள்ளியின் கறுப்பு இல்லை, பொன்னின் சூடு இல்லை. புதிதாக அடித்த காசைத் திருப்பும்போது சக்கரம்போல் சுழலுமே அந்த ஒளி, அது இல்லை. யாரோ தேய்த்ததன் மெல்லிய தடம்கூடப் பெரும்பாலும் இல்லை. காசைப் புரிந்துகொள்வதற்காகக் காசின் உலோகத்தையே விட்டுக்கொடுத்தார்கள்.

*

இரண்டாவது வார இறுதியில் சித்தியைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு சின்னக் கருவியைச் சித்தியின் கண்ணருகே பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணுக்குள் எப்படி வெளிச்சம் போகிறது, அவர் தலை மறைக்காதா என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரை வீட்டுக்கு வந்ததும் தேடினேன். ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

கண்ணின் பாவை ஏன் கறுப்பாக இருக்கிறது? உள்ளே போகும் ஒளி, வந்த வழியே திரும்பி வரும். அதைப் பார்க்க அந்த வழியில் தலையை வைத்தால், தலையே ஒளியை மறைத்துவிடும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விவரித்த கருவி இதைத் தீர்த்தது. கண்ணுக்கு முன் சாய்வாகச் சில கண்ணாடித் தகடுகள். பக்கவாட்டில் இருக்கும் விளக்கின் ஒளி அவற்றில் பட்டுத் திரும்பி நேராகக் கண்ணுக்குள் போகும். அங்கிருந்து திரும்பும் ஒளி, அதே கண்ணாடியை ஊடுருவி மருத்துவரின் கண்ணுக்கு வரும். விளக்கும் பார்வையும் ஒரே கோட்டில். உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கண்ணாடிக் காசுக்கும் இதே வைத்தியம்தான். ஒரு பழைய ஃபோட்டோ சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் நிறுத்தினேன். பக்கவாட்டில் எல்இடி விளக்கு, அதன் முன் பட்டர் பேப்பர். விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்பு அட்டை. கண்ணாடியில் பட்டுக் காசுக்குப் போவது சுமார் பத்தில் ஒரு பங்கு ஒளிதான், மீதி நேராகப் போய் அட்டையில் மடிந்துவிடும். அதனால் கேமராவின் கதவை நீண்ட நேரம் திறந்து வைத்தேன்.

படம் வந்தது. பரப்பு முழுக்கச் சீரான வெள்ளி நிறம். கோயிலின் ஒவ்வொரு நிலையும் மென்மையான சாம்பலில் எழுந்து நின்றது. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. நாணயச்சாலையிலிருந்து அன்று காலை வந்ததுபோல் இருந்தது. தங்கைக்கு அனுப்பினேன். "அண்ணா, சூப்பர்! இதையே அனுப்பிடலாம்."

அனுப்பியிருப்பேன். அதற்குள் இன்னொரு ஆசை வந்துவிட்டது.

*

2001இல் ஹெச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் இரண்டு சகாக்களும் ஒரு முறையை வெளியிட்டார்கள். பொருளும் கேமராவும் அசையாது. விளக்கு மட்டும் ஒரு கூரையைச் சுற்றுவதுபோல் பல இடங்களுக்கு நகரும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படம். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும், விளக்கின் திசை மாறினால் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்பதை ஆறு எண்கள் கொண்ட ஒரு சமன்பாட்டில் அடக்கிவிடுவார்கள். அதற்குப் பின் திரையில் விளக்கை நாம் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம். களிமண் பலகைகளில் மங்கிப்போன எழுத்துகளை இதனால் படித்தார்கள். 2005இல் கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா இயந்திரத்தின் துண்டுகளுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். விளக்கை எங்கே வைப்பது என்று ஒருவர் முடிவெடுத்துப் பூட்டாமல், அந்த முடிவைப் பார்ப்பவர் கையிலேயே கொடுத்துவிடும் படம்.

வீட்டிலேயே செய்யலாம். விளக்கு எங்கே இருந்தது என்பதைக் குறித்து வைக்க, காசின் பக்கத்தில் பளபளப்பான ஓர் உருண்டை வேண்டும். உருண்டையில் மின்னும் புள்ளி எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தால் விளக்கின் திசையைக் கணக்கிட்டுவிடலாம். சைக்கிள் கடையில் ஒரு பால்ரஸ் வாங்கி வந்தேன். டார்ச்சை நகர்த்தி நகர்த்தி நாற்பத்தெட்டுப் படங்கள். பைத்தானில் அறுபது வரி.

ஒரு சமன்பாட்டைத் தரவுக்குப் பொருத்தியதும் அது எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பது என் தொழில் பழக்கம். சமன்பாடு சொல்வதை உண்மைப் படத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது எச்சம். ஆறு எண்ணால் மெதுவான மாற்றங்களைத்தான் பிடிக்க முடியும், திடீர் மின்னலைப் பிடிக்காது. ஆகவே பளபளப்பு முழுவதும் எச்சத்தில்தான் சேரும். ஊசி, பிளாஸ்டர், சாய்வுக் கண்ணாடி வரிசையில் இதுவும் ஏதோ ஒன்றைக் கழித்துத்தான் காட்டுகிறது.

எச்சத்தைத் திரையில் போட்டேன். காசின் பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல்கள். நூற்றுக்கணக்கில். எல்லாம் வட்ட வட்டமாக, ஒரே போக்கில், வலக்கைக் கட்டைவிரல் சுற்றுவதுபோல்.

உடனே புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் சித்தப்பா பூஜை விளக்குகளைத் திருநீறு போட்டுத் துடைப்பார். வெள்ளிக் குங்குமச் சிமிழ், பஞ்சபாத்திரம், கடைசியில் இந்தக் காசு. பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு சிட்டிகை திருநீறு, வேட்டி முனை. வெள்ளி என்றால் துடைக்க வேண்டும். ப்ரூஃப் காசைத் தொடவே கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

டார்ச்சைத் தாழ்வாக, காசை உரசுவதுபோல் பிடித்து ஒரு படம் எடுத்தேன். எல்லாக் கீறல்களும் எரிந்தன. சாய்வுக் கண்ணாடி வழியாக எடுத்த படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்தப் படமும் பொய் இல்லை. நான் எதையும் அழிக்கவில்லை, திருத்தவில்லை. விளக்கை அங்கே வைத்தேன், அவ்வளவுதான்.

தங்கைக்கு இரண்டையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு, "அவரு நேர்ல பாத்தா தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "நேர்ல பாக்குறதுக்குள்ள அட்வான்ஸ் வாங்கிடலாமே." அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது ஆசைக்காக இல்லை. சித்தியின் கண்.

காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழியில் ஒரே சொல் இருப்பதைச் சின்ன வயதில் சித்தப்பாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு வெறும் சிலேடை. அன்றிரவு நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. எக்ஃபெல்ட்டும் டுபுவாவும் தங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, இந்தப் படங்கள் கோட்டு இயந்திரம் வரைந்தவை என்று அச்சடித்திருந்தார்கள். கல்லாவில் இருப்பவனுக்கு, தான் பார்ப்பது உயரத்தின் படம், மினுமினுப்பின் படம் இல்லை என்பது தெரியும். ஒரு படம் எதையாவது மறைக்கத்தான் செய்யும். எப்படி எடுத்தது, விளக்கு எங்கே நின்றது என்பதைக் கூடவே சொல்லிவிட்டால், என்ன மறைந்திருக்கலாம் என்று எதிரில் இருப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார். சொல்லாமல் விட்டால்தான் அது ஏமாற்று.

அந்தப் பால்ரஸை நினைத்துப் பார்த்தேன். எல்லா முறைகளும் துரத்தியடிக்கும் அதே மின்னல்தான், விளக்கு நின்ற இடத்துக்குச் சாட்சி சொன்னது. சித்தப்பாவின் விரல் சுற்றிய திசையையும் அதுதான் சொன்னது.

மறுநாள் தங்கையிடம் சொல்லிவிட்டு இரண்டு படங்களையும் அனுப்பினேன். ஒன்றின் கீழ் "நேர் வெளிச்சம், கீறல் தெரியாது" என்றும், இன்னொன்றின் கீழ் "தாழ்ந்த வெளிச்சம், துடைத்த கீறல்கள்" என்றும் எழுதினேன். மாலையில் அவர் கூப்பிட்டார். "துடைச்சிட்டாங்களே சார். இனி இது வெள்ளி விலைக்குத்தான் போகும்." டின்னில் இருந்த மற்றவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வந்தது எதிர்பார்த்ததில் கால் பங்குகூட இல்லை. மீதியைத் தங்கையும் நானும் சேர்ந்து போட்டோம். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் வேறு எதுவும் பேசவும் இல்லை.

பெரிய கோயிலை மட்டும் சித்தி கொடுக்கவில்லை. "வெள்ளி விலைக்குன்னா அது இங்கேயே இருக்கட்டும்."

போன மாதம் போயிருந்தேன். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. பூஜை அலமாரியில் விளக்குப் பக்கத்தில் காசு இருந்தது. வெள்ளிக்கிழமை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சித்தி ஒரு சிட்டிகை திருநீற்றை எடுத்தார். துடைக்கக் கூடாது சித்தி என்று வாய்வரை வந்துவிட்டது. கட்டைவிரல் வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து, வெளிச்சம் மறைக்காமல் நின்றுகொண்டேன்.